ஸஃபரும் ஸப்ரும் – கடல் கடந்தோர் உள்ளம் காத்த வரலாறு

அரபு மொழியில் 'ஸஃபர்' என்றொரு சொல் உண்டு. பயணம் என்பது அதன் பொருள். 'ஸப்ர்' என்று பிறிதொரு சொல் உண்டு. பொறுமை என்பது அதன் பொருள். முன்னது ஸீன் என்னும் எழுத்திலும் பின்னது ஸாத் என்னும் எழுத்திலும் தொடங்குவன. வேரும் வேறு, பொருளும் வேறு. ஆயினும் சோழமண்டலக் கரையில் வாழும் நம் மக்களின் நாவில் இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே ஒலியாய்க் கலந்துவிட்டன. கடல் கடந்து பொருள் தேடச் சென்றவனைச் 'சபுராளி' என்கின்றோம். அங்கே அவன் வாடினால் 'சபுர் செய்' என்கின்றோம். இங்கே அவன் மனைவி வாடினால் அவளுக்கும் அதனையே சொல்கின்றோம். ஒலி ஒன்றானது போலவே வாழ்வும் ஒன்றாயிற்று. பயணம் என்றாலே பொறுத்துக்கொள்ளுதல் என்று ஆகிவிட்டது.

இளமையில் நமக்கு இலக்கணம் ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார்கள், பயணத்திற்கு ஸஃபர் என்று பெயர் வந்த காரணத்தையும் கூறுவார்கள். அச்சொல்லின் வேருக்குத் திரை விலக்குதல் என்னும் பொருளும் உண்டு. மனிதனின் மெய்யான குணத்தைத் திரை விலக்கிக் காட்டுவதால் பயணம் அப்பெயர் பெற்றது என்பர் மொழி வல்லார். பயணம் போகின்றவனின் குணத்தை மட்டுமன்று, அவனை அனுப்பி வைத்த சமுதாயத்தின் குணத்தையும் அது திரை விலக்குகின்றது என்பதை நாம் ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அறிந்துகொண்டோம்.

அறிந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியிருந்தோம். நம் மதரஸாவில் சிறு பிராயத்தில் ஓதிய இளைஞர் ஒருவர் வளைகுடா நகரொன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கடன் பட்டுக் கட்டட வேலைக்குச் சென்றவர். சென்று எட்டு மாதம் ஆகியிருந்தது. உறக்கம் வரவில்லை என்றார். உணவு இறங்கவில்லை என்றார். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தும் தாம் மட்டுமே இருப்பது போலத் தோன்றுகின்றது என்றார். நாம் என்ன சொன்னோம்? "சபுர் செய் தம்பி, கடன் அடையும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்றோம். ஓதி வரச் சில திக்ருகளையும் சொல்லிக்கொடுத்தோம். பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மறு வாரம் அவரை நாம் அழைக்கவில்லை. மறு மாதமும் அழைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவரை ஊருக்கு அழைத்து வந்தார்கள். வந்தவர் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். பெற்ற தாயோடும் பேசவில்லை.

நாம் சொன்னது தவறான சொல்லன்று, குறையான சொல். அந்தக் குறை எது என்று அறியும் பொருட்டே நம் கிதாபுகளையும், கடல் கடந்த நம் முன்னோரின் வரலாற்றையும் மீண்டும் புரட்டினோம். கண்டவற்றை இக்கட்டுரையில் நம் குடும்பங்களின் முன் வைக்கின்றோம்.

மதீனத்துக் காய்ச்சல்

கி.பி. 622ஆம் ஆண்டு ஹிஜ்ரத் நிகழ்ந்தது. மக்காவைத் துறந்து மதீனா வந்த முஹாஜிர்களைப் புதிய ஊரின் காய்ச்சல் வாட்டியது. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களும் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களும் நோயில் விழுந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றபோது கண்ட காட்சி ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. காய்ச்சல் சற்றே தணியும் போதெல்லாம் பிலால் (ரலி) அவர்கள் குரலெடுத்துப் பாடுவார்களாம். மக்கத்துப் பள்ளத்தாக்கில் இத்கிர்ப் புல்லும் ஜலீல் புல்லும் சூழ இன்னுமோர் இரவு தங்க வாய்க்குமா, அந்த மலைகள் மீண்டும் கண்ணில் படுமா என்பது அப்பாடலின் ஏக்கம்.

பாடியவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த மக்காவின் சுடுமணலில் கிடத்தி மார்பில் பாறையை ஏற்றினார்களோ, அந்த மக்காவுக்காக ஏங்கியவர் அவர். பிறந்த மண் கொடுமை செய்திருந்தாலும் உள்ளம் அதனை மறப்பதில்லை. ஈமானின் உறுதிக்கு உவமையாகச் சொல்லப்படும் ஒருவருக்கே இந்த ஏக்கம் இருந்தது என்றால், ஏக்கத்தை ஈமானின் குறைவு என்று எவர் சொல்ல முடியும்?

செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. பெருமானார் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போலவோ அதனினும் மிகுதியாகவோ மதீனாவை எங்களுக்கு உவப்பாக்குவாயாக என்னும் கருத்துப்பட இறைவனிடம் இறைஞ்சினார்கள். ஏக்கத்தை ஒப்புக்கொண்டு, புதிய இடத்தில் அன்பை வேண்டிய துஆ அது.

துஆவோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவுமில்லை. முஹாஜிர் ஒருவரையும் அன்ஸாரி ஒருவரையும் இணைத்துச் சகோதரர் ஆக்கினார்கள். 'முஆகாத்' என்று வரலாறு இதனைக் குறிக்கின்றது. ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்ததையும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அதனை ஏற்காமல் கடைத்தெருவுக்கு வழி கேட்டதையும் நாம் மேடைதோறும் பேசுகின்றோம். உழைப்பின் பெருமைக்கு அதனைச் சான்றாக்குகின்றோம். அது சரியே. ஆனால் கடைத்தெருவுக்கு வழி கேட்குமுன்பே அவருக்கு ஒரு சகோதரர் கிடைத்துவிட்டார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றோம். முதலில் சகோதரர், பிறகே சந்தை.

அந்தச் சகோதரத்துவம் பெயரளவில் நின்றதா? பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள், தமக்குச் சகோதரராக்கப்பட்ட அபூதர்தா (ரலி) அவர்களின் இல்லம் சென்றபோது, அவ்வீட்டு அம்மையார் வாடிய கோலத்தில் இருப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டார்கள். அபூதர்தா (ரலி) இடைவிடாத நோன்பிலும் இரவு வணக்கத்திலும் ஆழ்ந்து வீட்டை மறந்துவிட்டதை அறிந்து, உடலுக்கும் மனைவிக்கும் உரிய உரிமையை எடுத்துரைத்து, உண்ணவும் உறங்கவும் செய்தார்கள். ஸல்மான் சொன்னதே சரி என்று பெருமானாரும் உறுதி செய்தார்கள். சகோதரர் என்பவர் வீட்டிற்குள் வந்து முகத்தைப் பார்த்து, 'ஏன் இப்படி இருக்கின்றீர்கள்?' என்று கேட்பவர். வீடும் உறவும் அற்றவர்களுக்கோ பள்ளிவாசலின் திண்ணையே வீடாயிற்று. அவர்களே அஹ்லுஸ் ஸுஃப்பா என்னும் திண்ணைத் தோழர்கள்.

கலீஃபாவின் கேள்வி

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்து நிகழ்ச்சியொன்று நமக்குப் பெரும் பாடம். இரவில் நகர்வலம் வந்த கலீஃபாவின் செவியில் ஒரு பெண்ணின் பாட்டு விழுந்தது. நீண்ட இரவையும், அருகில் இல்லாத கணவரையும் எண்ணிப் பாடும் பாட்டு. விசாரித்தபோது, கணவர் தொலைதூரப் போர்ப்பணியில் இருப்பது தெரிந்தது. கலீஃபா தம் மகளாரான அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்றார்கள். கணவன் இன்றி ஒரு பெண் எத்துணைக் காலம் பொறுத்திருக்க முடியும் என்று, நாணத்தையும் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்கள். நான்கு மாதம் என்று சில அறிவிப்புகளும், ஆறு மாதம் என்று வேறு சில அறிவிப்புகளும் கூறுகின்றன. அக்காலத்திற்கு மேல் வீரர்களை வீட்டிலிருந்து பிரித்து வைக்கலாகாது என்று கலீஃபா ஆணையிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் கதவைத் தட்டி 'சபுர் செய் மகளே' என்று சொல்லிவிட்டு அவர்கள் போயிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு என்று ஏற்று, அந்த அளவைக் கேட்டறிந்து, அதற்கேற்பச் சட்டத்தை மாற்றினார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பு என்று கையெழுத்திட்டு நம் பிள்ளைகள் விமானம் ஏறும்போது, இந்த நான்கு மாதக் கணக்கு நம் நெஞ்சை உறுத்த வேண்டும்.

அறிஞர் ஒருவரும் யாத்திரிகர் ஒருவரும்

உள்ளத்தின் நோயைத் தனி நோயாகவே கண்டு நூல் எழுதிய பெரியார் அபூஸைத் அல்பல்கீ. கி.பி. 934இல் மறைந்தவர். பல்கு நகர்ப் பகுதியில் பிறந்து, இளமையில் இராக் சென்று, எட்டாண்டுகள் அந்நிய மண்ணில் கல்வி தேடியவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அவருடைய நூல். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்பது அப்பெயரின் பொருள். சினம், அச்சம், துயரம், ஓயாத தீய எண்ணம் என்று உள்ளத்தின் நோய்களை அவர் வகுத்துரைக்கின்றார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாத துயரம் ஒன்று என்று பிரித்துக் காட்டுகின்றார். மனிதன் தன் சிந்தனையால் தனக்குத்தானே செய்துகொள்ளும் மருத்துவமும் வேண்டும், வெளியிலிருந்து பிறர் வந்து ஆறுதலும் அறிவுரையும் சொல்லிச் செய்யும் மருத்துவமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. தீய எண்ணங்கள் துரத்தும் நிலையில் இருப்பவன் தனித்திருத்தல் ஆகாது என்றும் எச்சரிக்கின்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலிம் அறிந்திருந்ததை, ஐந்து நிமிடத்தில் தொலைபேசியை வைத்துவிட்ட நாம் அறிந்திருக்கவில்லை.

இனி யாத்திரிகரைப் பார்ப்போம். இப்னு பதூதா 1325ஆம் ஆண்டு தம் ஊராகிய தஞ்சாவிலிருந்து தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தொன்று. வழியில் காய்ச்சல் கண்டது. குதிரையிலிருந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் சேணத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டு பயணம் செய்தார். தூனிஸ் நகரை அடைந்தபோது ஊரார் வெளியே வந்து, கூட்டத்தில் தமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் கூறி வரவேற்றனர். இவருக்கு ஸலாம் கூற எவரும் இல்லை. அந்த ஒரு கணத்தில், காய்ச்சலுக்கும் கலங்காத இளைஞர் தாங்கமாட்டாமல் அழுதுவிட்டார். கூட வந்த ஹஜ் பயணி ஒருவர் அதன் காரணத்தை உணர்ந்து அருகே வந்தார், ஸலாம் கூறினார், நகருக்குள் நுழையும் வரை பேசிக்கொண்டே உடன் வந்தார்.

பிற்காலத்தில் உலகின் பெரும்பகுதியைச் சுற்றி, நம் தமிழகத்து மஅபர் கரையிலும் மதுரையிலும் கால் வைத்த அந்தப் பெரும் பயணி, தம் முதற் பயணத்தின் கண்ணீரை வெட்கமின்றி எழுதி வைத்தார். பேச்சுத்துணை தந்த அந்த ஹஜ் பயணியையும் மறவாமல் எழுதினார். ஒரு ஸலாம், சில நாழிகைப் பேச்சு, அவ்வளவே அந்த மருத்துவம்.

டமாஸ்கஸ் நகரின் வக்ஃபுகளையும் அவர் வியந்து பாராட்டுகின்றார். வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊர் திரும்பச் செலவும் தரும் வக்ஃபு அங்கே இருந்தது. சீனத்துப் பீங்கான் தட்டைத் தவறிப் போட்டு உடைத்துவிட்டு அஞ்சி நின்ற ஏவலாளச் சிறுவனை, உடைந்த கலங்களுக்கென்றே இருந்த வக்ஃபின் பொறுப்பாளரிடம் மக்கள் அழைத்துச் சென்றதையும், அவன் வேறு தட்டு வாங்கப் பணம் பெற்றதையும் அவர் நேரிற் கண்டார். முதலாளிக்கு அஞ்சும் ஒரு சிறுவனின் நெஞ்சம் உடையாதிருக்கச் சொத்தை எழுதி வைத்த சமுதாயம் அது. இதற்கெல்லாம் அடிப்படை இறைமறையிலேயே உண்டு. ஸகாத்திற்கு உரியோர் எண்மருள் ஒருவர் 'இப்னுஸ் ஸபீல்'. 'வழியின் மைந்தன்' என்பது அத்தொடரின் நேர்ப்பொருள். ஊரில் செல்வந்தனேயாயினும் வழியில் தவிப்பவன் உதவிக்கு உரியவன் என்பது சட்டம்.

தெலுக் ஆயர் கடற்கரையில்

இந்த மரபை நம் தமிழ் முன்னோர் கப்பலில் ஏற்றிக்கொண்டே சென்றார்கள். 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் குடியேற்றம் தொடங்கியதும், சோழமண்டலக் கரையிலிருந்து நம்மவர் அங்குப் பெருகினர். சூலியர் என்று அவர்களை அழைத்தனர். வணிகர், படகோட்டிகள், சுமை தூக்குவோர், நாணயம் மாற்றுவோர் எனப் பல தொழிலினர். அவர்களின் தலைவராய்க் 'கப்பித்தான் கிளிங்' என்னும் பட்டம் பெற்ற காதர் முகைதீன் அவர்களின் முயற்சியில் 1801இல் எழுந்ததே அப்பட்டத்தின் பெயரால் இன்றும் விளங்கும் பள்ளிவாசல்.

சிங்கப்பூரிலும் அவ்வாறே. 1819இல் ஆங்கிலேயர் அங்கே வாணிகத்தலம் அமைத்தனர். 1826இல் சூலியா ஜாமிஆ பள்ளிக்கு அடியிடப்பட்டது. அடுத்த ஆண்டில் தெலுக் ஆயர் தெருவில் கூரைக் குடிலாய் ஒரு தொழுமிடம் எழுந்தது. 'குச்சுப் பள்ளி' என்று மக்கள் அழைத்த அதுவே இன்றைய அல் அப்ரார் பள்ளிவாசல். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா கட்டப்பட்டது. அக்காலத்தில் தெலுக் ஆயர் தெரு கடலை ஒட்டியிருந்தது. பிற்காலத்திலேதான் கடல் தூர்க்கப்பட்டது. கப்பலிலிருந்து இறங்கிய நாகூர்க்காரன் கண்ணில், தன் ஊரின் மினாராவை ஒத்த சிறு கோபுரங்கள் முதலில் பட்டன. சாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நாகூரில். சிங்கப்பூரில் இருப்பது நினைவிடம் மட்டுமே. தர்காக்கள் பற்றி நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே புகவில்லை. வரலாற்றின் கண் கொண்டு பார்க்கும்போது ஒன்று தெளிவு. ஆபத்தான கடலைக் கடந்து, அறியாத மண்ணில் நின்றவனின் நெஞ்சு நடுக்கத்தை அந்தச் சுவர்கள் ஆற்றின. அதே தெருவில் சீனரும் தம் கடற்பயணக் காவல் தெய்வத்திற்குக் கோயில் எழுப்பினர் என்பதை நோக்கினால், இது எல்லா மக்களின் உள்ளத்திற்கும் பொதுவான தேவை என்பது விளங்கும்.

பள்ளிவாசல் அங்கே தொழுமிடமாக மட்டும் இருக்கவில்லை. புதிதாய் வந்தவன் தன் ஊர்க்காரனைத் தேடி வரும் இடம் அதுவே. ஊர்ச் செய்தி கிடைக்கும் இடமும் அதுவே. நோன்புக் கஞ்சியின் மணத்தில் தாயின் அடுக்களையை நினைக்கும் இடமும், இறந்தால் ஜனாஸா தொழ நாற்பது பேர் நிற்பார்கள் என்ற நிம்மதியைத் தரும் இடமும் அதுவே.

பின்னர் எழுத்தும் துணைக்கு வந்தது. 1887இல் மகுதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் 'சிங்கைநேசன்' இதழைத் தொடங்கினார்கள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்துறங்கியவன் தாய்மொழியில் அச்செழுத்தைக் கண்டபோது, தன்னையும் ஒரு மனிதனாய் எண்ணுவோர் உண்டு என்று உணர்ந்திருப்பான்.

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சென்ற மக்கள் மற்றொரு வழி கண்டனர். பிறர் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்ற காலத்தில் அவர்கள் குடும்பத்தோடு சென்று, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்தனர். பெண்களும் மசாலா அரைத்து விற்றுப் பொருளீட்டினர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல் அவ்வமைப்பு சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நிறுவியது. 1982இல் மூடப்படும் வரை அது தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் தந்தது.

இவ்வளவும் சொன்னதனால் அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. பத்தாண்டு, பதினைந்தாண்டு கணவன் முகம் காணாத பெண்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். பினாங்கில் ஜாவி பெக்கான் என்று ஒரு சமுதாயமே தோன்றிற்று என்றால், நம் நாட்டு ஆண்கள் அங்கே மலாய்ப் பெண்களை மணந்து வாழ்ந்தார்கள் என்பதே பொருள். அவர்களுள் சிலருக்காக இங்கே காத்திருந்தவர்களின் கண்ணீரை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் போனவன் ஒரு கூட்டத்திற்குள் போனான். யாரோ ஒருவர் கடைக்கு, யாரோ ஒருவர் உறவுக்குப் போனான். தனியனாய்ப் போகவில்லை.

கடிதமும் ஒலிநாடாவும்

ஊரில் இருந்த பெண்களுக்கு அரபுத்தமிழ் ஒரு பெரும் துணையாய் இருந்தது. தமிழ் எழுத்தறியாத பெண்ணும் குர்ஆன் ஓதக் கற்றிருந்ததால் அரபெழுத்தில் வரும் தமிழ்க் கடிதத்தைத் தானே படித்துக்கொள்வாள். கணவனின் நெஞ்சம் மூன்றாம் மனிதர் வாய் வழியாக அவளுக்கு வர வேண்டியதில்லை. அம்முறை தேய்ந்த பின், கடிதம் படிக்கப் பிறர் தேவைப்பட்டனர். 1980களில் நாம் மதரஸாவில் ஓதும் மாணவராய் இருந்தபோது, எத்தனையோ வீடுகளின் திண்ணையில் அமர்ந்து கடிதம் படித்திருக்கின்றோம். திரைக்குப் பின்னிருந்து கேட்கும் அம்மையாரிடம், 'நான் நலம், நீங்கள் நலமா' என்று தொடங்கும் வரிகளைப் படிப்போம். பதிமூன்று வயதுச் சிறுவன் படிக்கப் போகும் கடிதத்தில் எந்த ஆண்மகன் தன் துயரத்தை எழுதுவான்? எல்லாக் கடிதங்களிலும் எல்லாரும் நலமாகவே இருந்தார்கள். பிறகு வளைகுடாவிலிருந்து ஒலிநாடாக்கள் வந்தன. அவற்றில் சொல் நலம் என்று சொன்னாலும் குரல் உண்மையைச் சொல்லிவிடும். ஒரு தாய் மகனின் நாடாவைக் கேட்டுவிட்டு, "பிள்ளை இளைத்துப் போயிருக்கின்றான்" என்றார். குரலில் இளைப்பைக் கேட்ட தாய் அவர்.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததன் பின்னர் வளைகுடாவின் கதவுகள் அகலத் திறந்தன. அங்கு வேலைக்குச் சென்றோரில் பெரும்பாலோரின் பயணமுறை அடியோடு மாறிற்று. ஊர்க்காரர் கடைக்கன்று, முகம் தெரியாத நிறுவனத்திற்கு முகவர் வழியாகப் போனார்கள். முகவருக்குக் கொடுத்த பணம் கடனாகித் தலையில் ஏறியது. தங்குமிடமோ நகருக்கு வெளியே தொலைவில். 'கஃபாலத்' முறையில் வேலை மாறுவதும் நாடு திரும்புவதும் முதலாளியின் கையில் இருந்தன. அண்மைக் காலத்தில் சில நாடுகள் இதனைத் தளர்த்தியுள்ளன. ஊர் ஜமாஅத்துகளும் தமிழ்ச் சங்கங்களும் அங்கும் அமைந்தன. துபாயின் தேரா வட்டாரத்தில் ரமழான் மாலைகளில் நம்மூர் முறையில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படுவது கண்டு உள்ளம் குளிர்கின்றது. ஆனால் நகருக்கு வெளியே உள்ள முகாமில் இருப்பவனுக்கு அந்தக் கஞ்சி எட்டுவதில்லை.

சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் 2020ஆம் ஆண்டு நிகழ்ந்தது இதற்குப் பெருஞ்சான்று. கொரோனாத் தொற்று பரவிய ஏப்ரல் மாதத்தில் விடுதிகள் அடைக்கப்பட்டன. அங்கிருந்தோர் ஏறத்தாழ 3 இலட்சத்து 23 ஆயிரம் பேர். தமிழரும் வங்காளிகளும் அவர்களுள் மிகுதி. அவ்வாண்டு இறுதியில் அரசு வெளியிட்ட கணக்கின்படி நூற்றுக்கு 47 பேரைத் தொற்று தீண்டியிருந்தது. மருத்துவம் செம்மையாய் நடந்ததால் இறப்பு மிகச் சொற்பம். உடல் காக்கப்பட்டது, உள்ளமோ வேறு கதை. ஹிஜ்ரி 1441ஆம் ஆண்டு ரமழானில் பள்ளிவாசல்கள் மூடிக்கிடந்தன. தராவீஹ் இல்லை, முஸாஃபஹா இல்லை. பொது வாழ்க்கை திரும்பிய பின்னும் விடுதித் தொழிலாளர் வெளியே நடமாடத் தடை நீண்டது. 2021 செப்டம்பரிலேதான் சிறு தொகையினர் குட்டி இந்தியா செல்ல முதலில் விடப்பட்டனர். அந்நாட்டு அரசே நிலையை உணர்ந்து, 2020 நவம்பரில் தொழிலாளரின் மனநலத்திற்கென்று தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முன் கடலோரத்தில் நம் முன்னோர் குச்சுப் பள்ளி கட்டி நிறைவேற்றிய தேவையை, அரசு வேறு பெயரில் மீண்டும் கண்டுகொண்டது.

நம் கடமை

இறுதியாய் இலக்கணத்திற்கே திரும்புகின்றோம். 'அல் அஸ்ர்' அத்தியாயம் நம் சிறுவர்க்கும் மனனம். அதில் பொறுமை பற்றி வரும் வினைச்சொல் 'தஃபாஉல்' என்னும் பாபைச் சார்ந்தது. இருவர் தம்முள் மாறி மாறிச் செய்யும் செயலைக் குறிக்கும் வடிவம் அது. ஆகவே அங்கே சொல்லப்படுவது, மேட்டில் நிற்பவன் பள்ளத்தில் கிடப்பவனை நோக்கிப் 'பொறு' என்று கட்டளையிடுவதன்று. ஒருவர்க்கொருவர் பொறுமையை ஊட்டிக்கொள்வது. ஸப்ர் என்னும் சொல்லின் வேருக்கே பிடித்து நிறுத்துதல் என்பது பொருள். தனியொருவன் எத்துணை நேரம் தன்னைத்தானே பிடித்து நிற்பான்? மற்றொரு கையும் வேண்டும். மாணவர்க்கு இந்தப் பாபை முப்பது ஆண்டுகளாய் நடத்தி வருகின்றோம். அதன் பொருளை அந்தத் தம்பியின் மௌனமே நமக்கு நடத்திக் காட்டியது.

ஆகவே நாம் செய்யக் கூடியவை சில உண்டு. நம் ஜமாஅத்துகள் நிக்காஹ்வுக்கும் மவுத்துக்கும் பதிவேடு வைத்திருக்கின்றன. சபுராளிகளுக்கும் ஒன்று வைக்கலாம். எவர் எந்த நகரில், எந்த விடுதியில் இருக்கின்றார், அருகில் இருக்கும் ஊர்க்காரர் யார் என்பது அதில் இருக்கட்டும். புறப்படுமுன் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு முஆகாத் சகோதரரை இணைத்து வைக்கலாம். ஜும்ஆ முடிந்ததும் நம்மில் ஒருவர் ஒருவரையேனும் அழைத்துப் பேசலாம். 'பணம் அனுப்பினாயா' என்று தொடங்காமல் 'உறங்கினாயா' என்று தொடங்கட்டும் அப்பேச்சு. வீட்டிலிருந்து தொலைபேசியில் பட்டியல் படிக்கும்போதும் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். கடன் பட்டு முகவரிடம் சிக்காதிருக்க பைத்துல்மால் நிதியிலிருந்து கைமாற்றுத் தரலாம். வழியின் மைந்தனுக்கு ஸகாத்தில் உரிமை உண்டன்றோ! ஆதரவற்றுத் தவிக்கும் இந்தியருக்கு உதவ 2009 முதல் நம் தூதரகங்களில் நல நிதி இருப்பதையும் நம் மக்கள் அறிய வேண்டும்.

உள்ளம் நோயுற்றால் மருத்துவரிடம் செல்வது தவக்குலுக்கு மாறன்று. பல்கீ ஆலிமாகவும் இருந்தார். உள்ளத்திற்கு மருந்தும் சொன்னார். ஊரில் வாடும் குடும்பத்தினர் 2022 முதல் நம் நாட்டில் நடைபெறும் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். ஓதுவதும் வேண்டும், மருந்தும் வேண்டும், அருகில் ஆளும் வேண்டும்.

அந்தத் தம்பி ஓராண்டு மருத்துவத்தின் பின் தேறினார். எல்லாப் புகழும் இறைவனுக்கே. ஒருநாள் நாமே அவரிடம் சென்று, அன்றிரவு ஐந்து நிமிடத்தில் பேச்சை முடித்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். "ஹஜ்ரத், நீங்கள் சொல்லித் தந்ததையெல்லாம் ஓதினேன். ஓதும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. இப்போது அவர் ஊரிலேயே சிறு கடை வைத்திருக்கின்றார். பயணம் புறப்படும் இளைஞர்கள் நம்மிடம் துஆ வாங்க வரும்போது, துஆ செய்துவிட்டு, அவருடைய கடையில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டுப் போகச் சொல்கின்றோம். அவர் தம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்புகின்றார்.

பிறந்த மண்ணுக்கு ஏங்கிய பிலாலின் நெஞ்சுக்கு மதீனாவை உவப்பாக்கிய வல்ல இறைவன், நம் பிள்ளைகள் உழைக்கும் ஊர்களையும் அவர்களுக்கு உவப்பாக்குவானாக! அவர்களை நலமே நம் வாசலுக்குத் திருப்பித் தருவானாக! அதுவரை அவர்களுக்குத் துணையாய் நிற்கும் நல்லுள்ளத்தை நமக்கும் தருவானாக! ஆமீன்.